அனிமே கேம் சேர்க்க ஆசையா? முதலில் மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாகப் போகும் பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த மின்விசிறிகளுக்கு அடியில் ஒரு நாள் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று தெரிந்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு பொத்தான் வைத்த கன்ட்ரோலர் அதைச் சுற்றிக் கிடந்தது. சூப்பர் ஃபேமிகாம், நின்டெண்டோவின் பழைய ஜப்பான் கேம் மெஷின்! கடைக்கார அங்கிள் பார்த்துவிட்டு, "ஓடுமா ஓடாதான்னு தெரியாது தம்பி. இருபது வெள்ளி குடுத்துட்டு எடுத்துக்க" என்றார். மூன்று நாள் துடைத்துச் சரிசெய்த பிறகு, வீட்டு வரவேற்பறை டி.வி.யில் டிராகன் பால் நாயகன் கோக்கு பறந்தார்.

அதைப் பார்த்த தோட்டத்துப் பையன்கள் சிலர், "அண்ணே, நாங்களும் சேர்க்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கான விளக்கம் இது.

படி 1: ஒரு அனிமே, ஒரு மெஷின்

எல்லாவற்றையும் சேர்க்கக் கிளம்பாதீர்கள். சின்ன வயதில் எந்த அனிமேவுக்காக, அதாவது எந்த ஜப்பானியக் கார்ட்டூனுக்காக, பள்ளி விட்டதும் ஓடி வந்தீர்களோ, அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த மெஷினில் நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு மெஷினை மட்டும் தேடுங்கள்.

டிராகன் பால் என்றால் சூப்பர் ஃபேமிகாம். 1993-இல் தொடங்கிய 'சூப்பர் புதோடென்' வரிசையில் இரண்டாவது பாகம் எனக்கு மிகவும் பிடித்தது. சண்டைக்காரர்கள் இருவரும் விலகிப் போனதும் திரை நடுவில் பிரிந்து ஆளுக்குப் பாதியாகும். தூரத்திலிருந்து சக்தியைத் திரட்டி வீசும் அந்த அனிமே உணர்வை இவ்வளவு எளிமையாகப் பிடித்த கேம் அன்று வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. யூ யூ ஹாகுஷோ பிடித்தவர்கள் சேகாவின் மெகா டிரைவ் மெஷின் பக்கம் போகலாம். டிரெஷர் நிறுவனம் 1994-இல் செய்த சண்டை கேமில் நான்கு பேர் ஒரே நேரத்தில் மோதலாம். நாருட்டோ, பிற்கால டிராகன் பால் என்றால் பிளேஸ்டேஷன் 2.

கால்பந்துப் பைத்தியங்களுக்கு, சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்திய மெஷினான ஃபேமிகாமில் 'கேப்டன் சுபாசா' இருக்கிறது. டெக்மோ 1988-இல் வெளியிட்டது. பந்தோடு ஓடி, எதிராளி வந்ததும் என்ன செய்வது என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் முழுக்க ஜப்பானிய எழுத்து. 'ஷூட்' எது, 'பாஸ்' எது என்று எழுத்தின் வடிவத்தை வைத்தே நாங்கள் மனப்பாடம் செய்தோம். சண்டை, கால்பந்து மாதிரியான கேம்களுக்கு மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. கதை படித்து நகரும் கேம்களை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். போக்கிமோனை அனிமேயிலிருந்து வந்த கேம் என்று பலர் நினைக்கிறார்கள். கேம்தான் முதலில் வந்தது, 1996-இல். அனிமே 1997-இல் வந்தது.

படி 2: மின்சாரம். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

அந்தக் காலத்து அனிமே கேம்களில் பெரும்பகுதி ஜப்பானைத் தாண்டவே இல்லை. தாண்டியவையும் உருமாறிப் போயின. மேற்கே போன 'கேப்டன் சுபாசா'வில் வீரர்களின் பெயரையும் தோற்றத்தையும் மாற்றிவிட்டார்கள். ஆக, அசல் வேண்டும் என்றால் ஜப்பான் கேசட் (கேம் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி), அதைப் போட ஜப்பான் மெஷின் என்றுதான் போக வேண்டும். ஜப்பான் வீடுகளில் ஓடுவது 100 வோல்ட். நம் சுவரில் வருவது 240.

என் முதல் ஜப்பான் பிளேஸ்டேஷனை நான் கொன்றது இப்படித்தான். இரண்டு தட்டை முள் உள்ள வயர், நம் பிளக்கோ மூன்று முள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்ன மாற்றுத் தலையை வாங்கி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், பின்பக்கத் துவாரங்களிலிருந்து மெல்லிய புகை, கருகிய வாடை. அந்தத் தலை முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. எனக்கு அப்போது அது தெரியாது. வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத மெஷின் அது. இன்றும் மனசு கேட்பதில்லை.

அதனால் எந்த மெஷின் கைக்கு வந்தாலும் முதல் வேலை, கவிழ்த்து அடிப்பக்க ஸ்டிக்கரைப் படிப்பது. 220–240 வோல்ட் என்று இருந்தால் நேரே மாட்டலாம். 100 வோல்ட் என்று இருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எலெக்ட்ரிக் கடையில் கேட்கும்போது '240-இலிருந்து 100' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 110 வோல்ட் தருவதும் கடையில் இருக்கும், அது அமெரிக்க சாமானுக்கு. மெஷினில் எழுதியிருக்கும் வாட்டைவிட இரண்டு மடங்கு தாங்கும் பெட்டியாக வாங்கினால் சூடாகாது.

ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் இன்னும் சுலபமான வழி உண்டு. இவற்றின் உள்ளே போவது 10 வோல்ட் டி.சி. (நேர்மின்சாரம்) தான், 100-ஐக் குறைக்கும் வேலை வெளியே இருக்கும் அடாப்டருடையது. ஜப்பான் அடாப்டரை ஒதுக்கிவிட்டு, நம் ஊர் 240 வோல்ட்டில் ஓடும் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 9 அல்லது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியருக்குக் குறையக்கூடாது, நடுமுனை நெகட்டிவ். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கடைகளில் கிடைக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை பாசிட்டிவ். அடாப்டரில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி போட்ட சின்னப் படம் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு கழித்தல் குறிக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சூப்பர் ஃபேமிகாமைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை, தேயும் லென்ஸ் இல்லை. படத்தையும் ஒலியையும் டி.வி.க்குக் கொண்டுபோகும் ஏ.வி. வயரும் தேட வேண்டாம், நின்டெண்டோ 64-க்கும் கேம்கியூபுக்கும் வரும் அதே வயர்தான்.

படி 3: டி.வி.

2019-இல் நாட்டில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது லயத்து வீடுகளிலிருந்தும் தாமான் வீடுகளிலிருந்தும் குண்டு டி.வி.கள் வாசலுக்கு வந்தன. இன்னும் பல வீட்டு ஸ்டோரில் ஒன்று தூசியோடு கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இந்தக் கேம்கள் வரையப்பட்டதே அந்தத் திரைக்காகத்தான். அதன் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

மாட்டியதும் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்படாதீர்கள். மெஷின் கெடவில்லை. ஜப்பான் மெஷின்களின் வண்ண முறை என்.டி.எஸ்.சி., நம் பழைய டி.வி.களுடையது பால் (PAL). டி.வி. மெனுவில் வண்ண முறையை 'ஆட்டோ'வுக்கோ என்.டி.எஸ்.சி.க்கோ மாற்றினால் நிறம் வந்துவிடும். ரொம்பப் பழைய டி.வி.யில் அந்த மெனுவே இருக்காது.

சிவப்பு வெள்ளை நிறத்தில் 1983-இல் வந்த முதல் ஃபேமிகாமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் ஏ.வி. ஓட்டை கிடையாது, ஆண்டெனா வழிதான். அது பயன்படுத்தும் ஜப்பான் சேனல்கள் நம் டி.வி.யில் சிக்குவது கடினம். ஃபேமிகாம்தான் வேண்டும் என்றால் 1993-இல் வந்த ஏ.வி. மாடலைத் தேடுங்கள். அல்லது நம்மில் பலர் வளர்ந்த மைக்ரோ ஜீனியஸ் என்ற ஃபேமிகாம் நகல் மெஷின் இருக்கிறதே, அதுவும் அதே 60 முள் கேசட்டைத்தான் விழுங்கும்.

படி 4: எங்கே தேடுவது

பழைய இரும்புக் கடை, பழைய பேப்பர் லாரி, பழைய துணிமணி விற்கும் பண்டல் கடை. எங்கள் பக்கம் ஞாயிறு காலையில் ஈப்போ பசார் காராட் (பழைய சாமான் சந்தை) போனால் ஏதாவது கண்ணில் படும். சீக்கிரம் போங்கள், நல்லது விடியும்போதே போய்விடும். ஜப்பானிலிருந்து பழைய சாமான் கொண்டுவந்து விற்கும் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' கடைகளையும் எட்டிப் பாருங்கள். இணையத்தில் பழைய சாமான் விற்கும் முடா, கரோசெல் தளங்கள் இருக்கின்றன. மெஷின் ஓடும் வீடியோவை முதலில் கேளுங்கள், மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள். நேரில் வாங்கும்போது ஓடும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சொந்தக்காரர் வீட்டில் கேளுங்கள். என்னிடம் இருக்கும் கேசட்டுகளில் மிக நல்ல நிலையில் உள்ளவை அத்தை வீட்டு மைலோ டின்னிலிருந்து வந்தவை.

போலிகள் நிறைய உண்டு, குறிப்பாக நின்டெண்டோவின் கையடக்க மெஷினான கேம் பாய் அட்வான்ஸில். அசல் கேசட்டின் முன் ஸ்டிக்கரைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று மங்கலாகத் தெரியும். போலிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. ஒன்றிலேயே பல கேம்களை அடைத்த '64 இன் 1' மாதிரியான கேசட்டுகள் அசல் அல்ல என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அவை நம் பிள்ளைப் பருவத்தின் சாமான், நான் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

படி 5: துடைப்பது

கேசட்டை வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான், தெரியும். எச்சில் ஈரம் செம்புக் காலில் பட்டுப் பச்சை பிடிக்கும். ஊதியதால் ஓடியது என்று நாம் நினைத்ததற்குக் காரணம், கழற்றி மறுபடி செருகியதுதான்.

பார்மசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். 90 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் நல்லது. காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கேசட்டின் வாயில் தெரியும் பொன்னிறக் கால்களை மேலிருந்து கீழாக இழுத்துத் துடையுங்கள். முதல் குச்சி கரி தொட்டது போல வரும். இரண்டாவது சாம்பல் நிறம். நான்காவதோ ஐந்தாவதோ வெள்ளையாகவே திரும்பி வரும்போது நிறுத்தலாம். பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். அந்த இரும்புக் கடை சூப்பர் ஃபேமிகாமுக்கு நான் செய்த வைத்தியம் பெரும்பாலும் இதுதான். மெஷினின் உள்வாயில் ஒரு கரப்பான் முட்டை ஒட்டியிருந்தது, அதையும் எடுத்தேன்.

சேவ் (விளையாட்டை விட்ட இடத்தின் பதிவு) நிற்காத கேசட்டில் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். சூப்பர் ஃபேமிகாமில் அது சி.ஆர். 2032. மூடியைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும், பேட்டரியை ஈயப்பற்று வைத்து மாற்ற வேண்டும். டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், சில மாதத்தில் நழுவிவிடும். கைப்பழக்கம் இல்லையென்றால் போன் பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள். பழைய பேட்டரியை எடுத்ததும் பழைய சேவ் போய்விடும். அதில் யாருடைய பெயராவது இருந்தால் முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நம் ஊர் ஈரத்தில் காப்பாற்றுவது

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். அட்டைப் பெட்டியும் கையேடும் இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், இல்லையென்றால் பூச்சி அரித்துவிடும். டிஸ்க்குகளை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

சாயங்காலம் இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். விளையாட்டு பாதியில் இருந்தாலும் சரி. அப்புறம் மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு மெஷினையும் ஓடவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சனிக்கிழமை இரவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், இரண்டு கன்ட்ரோலருக்கு ஐந்து பேர் வரிசையில் உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி போன வாரம் தன் தாத்தா வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் கேசட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அண்ணே, இது எந்த மெஷின்ல போகும்?" என்று கேட்டாள். அறுபது முள். மைக்ரோ ஜீனியஸை எடுத்து வைத்தோம்.