எல்லைப் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

எனக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் வேலை. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “கழக்கூட்டமா? பைபாஸ்ல ஏறினா ஒரு மணிக்கூர்தான் மக்களே.” அவர் பொய் சொல்லவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம்; ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் ஒரு மணி நேரம்தான் ஆனது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வேலை நாட்களில் அதே தூரம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையவே இல்லை.

குமரி மாவட்டத்தில் குடியிருந்து திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐடி பூங்கா கழக்கூட்டத்தில் இருக்கிறது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை அங்கேதான். வாடகை இந்தப் பக்கம் குறைவு, சொந்தபந்தம் இந்தப் பக்கம். அதனால் எல்லைக்கு இப்பால் வீடு எடுப்பது இயல்பான முடிவாகத் தெரிகிறது. சிலருக்கு அது சரியான முடிவும்தான். ஆனால் விடுமுறை நாளில் வழியைப் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு.

பழைய ரோட்டில் போனால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை என்று ஊர் ஊராகத் தாண்ட வேண்டும். களியக்காவிளையிலிருந்து, திருவனந்தபுரம் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கும் தம்பானூர் சுமார் 30 கிலோமீட்டர். ஞாயிறன்று பாலராமபுரம் ஜங்ஷனைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். திங்கள் காலை எட்டரைக்கு அங்கே நின்று பாருங்கள். விழிஞ்ஞம் ரோடும் காட்டாக்கடை ரோடும் அதே இடத்தில் வந்து சேர்கின்றன. பள்ளிக்கூட வேன், சரக்கு லாரி, பஸ், நம்மைப் போன்ற பைக்காரர்கள் எல்லோரும் ஒரே சிக்னலுக்குக் காத்திருக்கிறோம். ஒரு பஸ் ஆள் இறக்க நின்றால் போதும், பின்னால் வால் நீண்டுவிடும்.

கழக்கூட்டம்–காரோடு பைபாஸ் வந்த பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது என்பது உண்மை. மொத்தம் 43 கிலோமீட்டர், நான்கு வழிச்சாலை. முக்கோலையிலிருந்து காரோடு வரை கான்கிரீட் ரோடு. ஆனால் உங்கள் வீடு பைபாஸ் தொடங்கும் காரோட்டில் இல்லையே. வீட்டிலிருந்து பைபாஸ் ஏறும் வரை உள்ள ஊர்ச்சாலை, அப்புறம் கழக்கூட்டத்தில் இறங்கி பார்க்கிங்கில் இடம் தேடி லிஃப்டில் ஏறும் வரை உள்ள நேரம், இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். காரில் போனால் திருவல்லம் டோலும் உண்டு.

அடுத்தது பணக்கணக்கு. இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கழக்கூட்டம் பக்கத்து வாடகைக்கும் என் வீட்டு வாடகைக்கும் 5,500 ரூபாய் வித்தியாசம். மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். வாசலிலிருந்து அலுவலகம் வரை 48 கிலோமீட்டர். போக வர 96. மாதம் 24 நாள் என்றால் 2,304 கிலோமீட்டர். என் பைக் லிட்டருக்கு 48 கொடுத்தது. ஆக 48 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 4,800 ரூபாய். மீதி 700. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆயில், சீக்கிரம் தேயும் டயர், வழியில் குடிக்கிற சாயா என்று அதுவும் போய்விடும். நேரத்தைப் பாருங்கள்: தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 72 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாள் ஒன்பதைச் சம்பளமில்லாமல் ரோட்டில் செய்த மாதிரி. வீட்டுக்கு வந்து குழந்தையோடு பேச வேண்டிய மணி நேரங்கள் அவை.

ரயிலை மறந்துவிடுகிறவர்களும் உண்டு, ரயிலை மட்டும் நம்பிவிடுகிறவர்களும் உண்டு. குழித்துறையிலோ பாறசாலையிலோ சீசன் டிக்கெட் எடுத்தால் பெட்ரோல் செலவில் சிறு பங்குகூட ஆகாது. ஆனால் நான் போய்வந்த நாட்களில் அது ஒற்றைப் பாதை. எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட நெய்யாற்றின்கரையில் கிராசிங்குக்கு நிறுத்திவிட்டால் ஜன்னல் வழியே வாழைத் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதோடு குழித்துறை ஸ்டேஷன் மார்த்தாண்டம் பஜாருக்குள் இல்லை, ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். அந்தப் பக்கம் தம்பானூரில் இறங்கினால் கழக்கூட்டத்துக்கு இன்னும் சுமார் 15 கிலோமீட்டர். ரயிலை நம்பி வீடு எடுப்பதானால் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள்.

ஒருவருடைய பயணத்தை மட்டும் வைத்து வீடு முடிவு செய்வதும் தவறு. கணவருக்குக் கழக்கூட்டம், மனைவிக்கு நாகர்கோவில் என்றிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து. நடுவில் எடுத்தால் இருவருக்கும் கஷ்டம் பாதியாகும் என்று நினைப்பார்கள். பல நேரம் இருவருக்கும் முழுக் கஷ்டம்தான். யாருக்கு ஷிப்ட் வேலை, யார் குழந்தையைப் பள்ளியில் விடுவது என்பதை முதலில் பேசுங்கள். பள்ளி என்றதும் இன்னொன்று: தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கற்றாக வேண்டும், கேரளத்தில் 2017-இல் மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையோடு எல்லை தாண்டிக் குடிபோகிறவர்கள் இதை யோசிக்காமல் போனால் அந்தப் பிள்ளைதான் சிரமப்படும்.

வண்டி விஷயமும் சொல்லிவிடுகிறேன். குமரியில் குடியிருந்து தினம் போய்வந்தால் பிரச்சினை இல்லை. அந்தப் பக்கமே குடிபோய் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது அங்கே கட்டுகிற சாலை வரியையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

கேரளத்தில் ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு என்றால் நம் பஸ்கள் களியக்காவிளையோடு திரும்பிவிடும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. மழை அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மாலை ஒரு மணி நேரம் கொட்டினால் தம்பானூரில் தண்ணீர் நிற்கும். அன்றைக்கு வீடு சேர ஒன்பது மணி ஆகும்.

போன வருடம் அலுவலகத்துத் தம்பி ஒருவன் வீடு பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, மார்த்தாண்டத்தில ஒரு வீடு 7,000-த்துக்கு வருது, எடுக்கட்டா?” என்றான். முதலில் உறவுக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் போய்வா என்றேன். கதவைப் பூட்டிய நேரத்தையும் சீட்டில் உட்கார்ந்த நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதினான், மாலைக்கும் அப்படியே. அந்த வாரத்தில் ஒருநாள் நல்ல மழை. வெள்ளிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். மழை நாளுக்கு நேரே 2 மணி 25 நிமிடம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். அடுத்த மாதம் பாறசாலை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 9,000 ரூபாய்க்கு வீடு எடுத்தான். வீட்டிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஏழு நிமிட நடை.