சுருக்கப் பெயரில் எஸ்எஸ்எச்: சர்வரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதில் நடக்கும் தவறுகள்

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் கருவி எஸ்எஸ்எச். டிபி1 என்ற சர்வருக்குப் போக டெர்மினலில் 'எஸ்எஸ்எச் டிபி1' என்று அடித்தால் போதும், உள்ளே போய்விடலாம். டிபி1.எக்ஸாம்பிள்.காம் என்று முழுப் பெயரையும் அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மிச்சத்தை மெஷினே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எதை ஒட்டுவது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? லினக்ஸில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் 'சர்ச்' வரி. அந்த வரியை நிரப்புவது பெரும்பாலும் நீங்கள் அப்போது இணைந்திருக்கும் நெட்வொர்க். அலுவலகத்தில் ஒன்று, ஹோட்டல் வைஃபையில் இன்னொன்று. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கோயில் தெரு இருக்குமே, டிபி1-உம் அப்படிப்பட்ட முகவரிதான்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் அடையாளமாக ஒரு கீ (ஹோஸ்ட் கீ) உண்டு. எஸ்எஸ்எச் அதைக் குறித்துவைக்கும் 'நோன் ஹோஸ்ட்ஸ்' கோப்பில் அந்தக் கீ, நீங்கள் அடித்த பெயரில்தான் பதிவாகிறது. டிபி1 என்று அடித்தால் டிபி1. ஆக, இரண்டு வாடிக்கையாளர்களின் நெட்வொர்க்கிலும் ஒரு டிபி1 இருந்தால் இரண்டும் ஒரே பதிவில் மோதும். உடனே திரையில் பெரிய எழுத்தில் "சர்வரின் அடையாளம் மாறிவிட்டது" என்ற எச்சரிக்கை வரும்.

அப்போது என்ன செய்கிறோம்? 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் டிபி1' என்று போட்டுப் பழைய கீயை அழித்துவிட்டு, 'இந்தச் சர்வரை நம்பலாமா' என்று அடுத்து வரும் கேள்விக்கு 'எஸ்' (ஆம்) அடிக்கிறோம். இருக்கும் தவறுகளில் ஆக மோசமானது இதுதான் என்பேன். வாரத்துக்கு நாலு முறை பொய்யாக அலறும் எச்சரிக்கையை, அது நிஜமாக அலறும் நாளில் யார் மதிப்பார்கள்? 2023 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியபோது உலகம் முழுக்க இதே எச்சரிக்கை வந்தது. அதன் ரகசியக் கீ ஒரு பொது ரெப்போவில் (யாரும் பார்க்கக்கூடிய நிரல் சேமிப்பில்) சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதுதான் காரணம். புதிய ஃபிங்கர்பிரிண்ட்டை (கீயைச் சுருக்கிக் காட்டும் எழுத்துத் தொடரை) கிட்ஹப் தன் தளத்தில் வெளியிட்டிருந்தது. அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழையதை அழிப்பதுதான் சரியான வரிசை.

ஒப்பிடுவது என்றதும் சிலர், சர்வரிடமிருந்தே கீயை வாங்கித் தரும் 'எஸ்எஸ்எச்-கீஸ்கேன்' ஓட்டி, வந்ததை அப்படியே நோன் ஹோஸ்ட்ஸில் சேர்த்துவிடுகிறார்கள். அது 'எஸ்' அடிப்பதற்குச் சமம். சந்தேகத்துக்குரிய அதே பாதையில்தானே அந்தக் கீயும் வருகிறது? ஃபிங்கர்பிரிண்ட் வேறு வழியில் கிடைக்க வேண்டும். கிளவுடின் கன்சோல் வழியாகச் சர்வருக்குள் போய் 'எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப்' கொடுத்து எடுக்கலாம். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் போனில் கேட்கலாம். பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் 8.0 பதிப்பு முதல், 'எஸ்' அடிக்க வேண்டிய இடத்தில் அந்த ஃபிங்கர்பிரிண்ட்டையே பேஸ்ட் செய்யலாம். பொருந்தினால்தான் இணைப்பு தொடரும். கண்ணால் முதல் நாலு எழுத்தைப் பார்த்துத் தலையாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்கிரிப்ட்களில், கேள்வியே கேட்காமல் கீயை ஏற்கச் சொல்லும் 'ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் நோ' என்று எழுதுவதும் பரவலான பழக்கம். அப்போதுகூட கீ மாறியிருந்தால் எஸ்எஸ்எச் பாஸ்வேர்ட் லாகினை முடக்கி ஓரளவு காப்பாற்றும். நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பை, எழுதியதெல்லாம் காணாமல் போகும் 'டெவ் நல்'லுக்குத் திருப்பிவிட்டால் அதுவும் போச்சு. எல்லாச் சர்வரும் எப்போதும் புதிய சர்வர்தான். 2017-இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து, அந்த 'நோ'வுக்குப் பதில் போட 'அக்செப்ட்-நியூ' இருக்கிறது. புதியதை ஏற்கும், மாறியதை மறுக்கும். குறைந்தபட்சம் அதையாவது போடுங்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதில் தன் சொந்தக் கீயை வைத்து லாகின் செய்பவருக்கு ஆபத்தே இல்லையா? போலி சர்வர் உங்கள் ரகசியக் கீயைத் திருட முடியாது, சரி. ஆனால் நீங்கள் அங்கே அடிக்கும் சூடோ (நிர்வாகி அதிகாரம் பெறும் கட்டளை) பாஸ்வேர்டும், அனுப்பும் கோப்பும் அதன் கைக்குப் போகும். ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உங்கள் கீயை அந்தச் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடும் வசதி) இருந்தால், இணைப்பு இருக்கும் வரை உங்கள் பெயரில் அது வேறு சர்வர்களுக்கும் போகலாம்.

சுருக்கப் பெயரைக் கைவிடத் தேவையில்லை, அதன் பொருளை நீங்களே முடிவு செய்துவிட்டால் போதும். எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் டிபி1-க்கு ஒரு 'ஹோஸ்ட்' பகுதி எழுதி, 'ஹோஸ்ட்நேம்' வரியில் முழுப் பெயரைக் கொடுங்கள். கீ முழுப் பெயரில் பதிவாகும். சர்வர்கள் நிறைய என்றால் சுருக்கப் பெயரை முழுப் பெயராக மாற்றச் சொல்லும் 'கனானிகலைஸ்ஹோஸ்ட்நேம் எஸ்' என்றும், 'கனானிகல்டொமைன்ஸ்' வரியில் உங்கள் டொமைனையும் போடலாம். 2014-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. கூடவே 'கனானிகலைஸ்ஃபால்பேக்லோக்கல் நோ' என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பெயர் கிடைக்காதபோது மறுபடியும் அந்தச் 'சர்ச்' வரியையே நம்பிப் போய்விடும். ஜம்ப் ஹோஸ்ட் (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகப் போகிறவர்கள் 'கனானிகலைஸ்ஹோஸ்ட்நேம்' வரியில் 'எஸ்' என்பதற்குப் பதில் 'ஆல்வேஸ்' போட வேண்டும்.

சர்வரின் கீயை நம்பகமான ஓர் அத்தாரிட்டி கையொப்பமிட்டு உறுதிசெய்யும் ஹோஸ்ட் சர்டிஃபிகேட் பயன்படுத்தும் இடங்களில் வேறொரு விதமாக இடிக்கும். நோன் ஹோஸ்ட்ஸில் சர்டிஃபிகேட் அத்தாரிட்டி வரி *.எக்ஸாம்பிள்.காம் என்று இருக்கும். நீங்கள் டிபி1 என்று அடித்தால் அந்த வரி பொருந்தாது. எஸ்எஸ்எச் சத்தமில்லாமல் பழைய 'எஸ்/நோ' கேள்விக்குத் திரும்பிவிடும். "சர்டிஃபிகேட் வேலை செய்யவில்லை" என்று சலித்துக்கொண்டு சர்டிஃபிகேட்டில் சுருக்கப் பெயரையும், அத்தாரிட்டி வரியில் வெறும் நட்சத்திரத்தையும் போடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எந்த நெட்வொர்க்கின் எந்தப் பெயருக்கும் அந்த அத்தாரிட்டி செல்லுபடியாகும். மேலே சொன்ன கனானிகல் வரிகளே இதற்கும் போதும்.