போட்டோஷாப்ல ஜே கீய அமுக்குனா டூல் மாறிட்டே இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்

ரெண்டு நாளா போட்டோஷாப்ல ஒரே தலவலி, கல்யாண ஆல்பத்துல பொண்ணு கன்னத்துல இருந்த பருவ எடுக்கலாம்னு ஜே அமுக்குனா ஸ்பாட் ஹீலிங் (பரு, புள்ளிய அழிக்கிற டூல்) வருது, மறந்து இன்னொரு தடவ அமுக்கிட்டா ஹீலிங் பிரஷ், பேட்ச்னு அதே மாதிரி வேற டூலுக்கு அடுத்தடுத்து மாறிட்டே போகுது, கீபோர்டு போச்சுன்னே நெனச்சுட்டேன். கடைசியா எடிட், பிரிஃபரன்சஸ், டூல்ஸ் போய் பாத்தா 'யூஸ் ஷிஃப்ட் கீ ஃபார் டூல் ஸ்விட்ச்'ல டிக் இல்ல. டிக் போட்டேன், இப்ப ஷிஃப்ட்டோட ஜே அமுக்குனாதான் மாறுது, அப்பாடா!

இன்னொன்னும் சொல்லணும், பெயிண்ட் பண்ற சாதா பிரஷ் டூல்ல இருக்கும்போது ஜேவ அமுக்கியே புடிச்சு பருவ எடுத்துட்டு விட்டா தானா பிரஷ்ஷுக்கே வந்துடும், அவ்ளோ வசதி.