ஊட்டி மார்க்கெட் மீனை வைத்தே செதில் வகைகளைப் பார்ப்பது எப்படி?

சைக்ளாய்டு, டீனாய்டு, பிளக்காய்டு, கேனாய்டு. நான்கு பெயரையும் பாடப்புத்தகப் படத்தை வைத்தே மனப்பாடம் செய்துவிடுகிறோம். முதல் மூன்றையும் நீலகிரியில் இருந்தபடியே கையில் எடுத்துப் பார்க்க முடியும். ஒரு கெண்டை, ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் சங்கரா, உரிக்காத தோலுடன் ஒரு துண்டு சுறா, இவ்வளவு போதும். டிரவுட் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்காக அனுமதியில்லாமல் ஓடையில் தூண்டில் போட வேண்டாம்.

கருவிகள்: மழுங்கிய நுனியுள்ள இடுக்கி, பழைய டூத் பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், கண்ணாடி ஸ்லைடுகள், செலோ டேப், பள்ளி நுண்ணோக்கி. நுண்ணோக்கி இல்லாவிட்டால் 10 மடங்கு கை லென்ஸ்.

படி 1: பிடுங்குதல்

கடைக்காரரிடம் முதலிலேயே "செதில் எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். சுரண்டிய குவியலில் பல மீன்களின் செதில் கலந்திருக்கும், ஓரமும் கிழிந்திருக்கும். வீட்டில் கத்தியின் முதுகால் தலையிலிருந்து வால் பக்கமாக வழுவழுப்பை வழித்துவிடுங்கள். முதுகுத் துடுப்புக்குக் கீழே, பக்கக்கோட்டுக்கு (உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் கோடு) மேலே உள்ள இடம்தான் சரி. பக்கக்கோட்டின் மீதே எடுத்தால் செதிலின் நடுவே ஒரு குழாய் ஓடும்; வரிகள் தெளிவாக இராது. செதில்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே தெரியும் பின் ஓரத்தைப் பிடித்து வால் பக்கமாக இழுத்தால் முழுதாக வரும்.

ஆறேழு எடுங்கள். சில செதில்களில் நடுப்பகுதி வெறுமையாக, வரியே இல்லாமல் இருக்கும். உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைத்தவை அவை, ஒதுக்கிவிடலாம்.

படி 2: கழுவி ஒட்டுதல்

இரண்டு சொட்டுத் திரவம் கலந்த குளிர்ந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிரஷால் மெல்லத் தேயுங்கள். பின்பகுதியில் கருமையாக ஒட்டியிருப்பது தோல், விரலால் தேய்த்தாலே போகும். ஊட்டிக் குளிருக்கு வெந்நீர் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். செதிலில் உள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் சுருங்கிச் செதில் சுருண்டுவிடும். ஈரத்தோடு இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவில் வைத்து, இரு முனைகளில் மட்டும் டேப் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

படி 3: பார்த்தல்

4 மடங்கு ஆப்ஜெக்டிவ், 10 மடங்கு ஐபீஸ், ஆக 40 மடங்கு. இதற்கு மேல் போனால் பயனில்லை. ஒளித்துளையைச் சுருக்குங்கள், வெளிச்சம் அதிகமானால் வரிகள் மறைந்துபோகும்.

கெண்டையில் தெரிவது சைக்ளாய்டு: வழவழப்பான ஓரம், வளர்ச்சி தொடங்கிய மையம், அதைச் சுற்றி நெருக்கமான வளைய வரிகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் ஆரக்கோடுகள். டிரவுட்டும் சைக்ளாய்டுதான், ஆனால் செதில் மிகச் சிறியது, ஆரக்கோடும் கிடையாது. மீன் வளர வளரச் செதிலும் வளரும், எண்ணிக்கை கூடாது. புதியவர்கள் ஒவ்வொரு வரியையும் ஒரு வயது என்று எண்ணுவார்கள். அது தவறு. வளர்ச்சி மந்தமான காலத்தில் வரிகள் நெருங்கி ஒரு பட்டையாகத் தெரியும். ஆண்டைக் குறிப்பது அதுதான். இரைப் பஞ்சத்திலும் முட்டையிடும் பருவத்திலும்கூட அப்படிப் பட்டை விழலாம் என்பதால் வயதை அடித்துச் சொல்ல வேண்டாம்.

அடுக்கமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு செதிலை இரவு முழுக்க வினிகரில் போடுங்கள். மேலடுக்கின் கால்சியம் கரைந்து, கீழேயுள்ள கொலாஜன் மட்டும் துவண்டு நிற்கும்.

சங்கராவில் பின் ஓரத்தைப் பாருங்கள். வரிசையாக நுண்பற்கள். இதுதான் டீனாய்டு. வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினாலே சொரசொரக்கும்.

சுறாவின் பிளக்காய்டைப் பிடுங்க முடியாது. 1 செ.மீ. தோலை வெட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து, துணி வெளுக்கும் பிளீச்சில் போடுங்கள். தசை கரைந்து நுண்செதில்கள் அடியில் படியும்; பலமுறை நீர் மாற்றிக் கழுவுங்கள். வினிகர் பாத்திரம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஒவ்வொன்றிலும் அடித்தட்டு, மேலே பின்னோக்கிய முள், உள்ளே கூழ்க்குழி. அமைப்பில் இது பல்லேதான். முளைத்த பிறகு இவை ஒவ்வொன்றும் அளவில் பெரிதாவதில்லை. சுறா பெரிதாகும்போது இடையிடையே புதியவை முளைக்கும்.

கேனாய்டு நம் மார்க்கெட்டில் வராது. அலங்கார மீன் கடையில் பிச்சிர் என்ற மீன் இருந்தால் தொட்டிக்கு வெளியே நின்று பாருங்கள்: சாய்சதுரச் செதில்கள், ஒன்றோடொன்று கோத்தவை, மேலே கேனாயின் என்ற, பல் எனாமல் போன்ற பூச்சின் மினுமினுப்பு.

கண்ணாடிக் கெண்டை

1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த கெண்டை வகை. முழுச் செதில் உள்ளதும், அங்கங்கே பெரிய செதில் மட்டும் உள்ளதும், ஏறக்குறைய செதிலே இல்லாததும் ஒரே இனம். இரண்டு மரபணுக்களின் சேர்க்கைதான் வேறு. அங்கங்கே செதில் உள்ளதே கண்ணாடிக் கெண்டை. செதில் பெரிதென்பதால் பழக இதுவே நல்லது, ஆனால் வடிவம் ஒழுங்காக இராது. படம் வரைவதற்கு முழுச் செதில் கெண்டையை எடுங்கள்.

காய்ந்த ஸ்லைடைக் காகித உறையில் போட்டு மீனின் பெயர், நீளம், தேதி, செதில் எடுத்த இடம் நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இந்த ஊர் ஈரத்தில் ஊறிவிடும்.