கரண்ட் போனாலும் ஹென்றி சாகக்கூடாது: திருகோணமலையில் கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 விளையாடத் தொடங்குபவருக்கு

இந்த விளையாட்டு வெளியானது 2025 பெப்ரவரி 4. ஐந்தாவது நாள், பெப்ரவரி 9 ஞாயிறு, நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்த கதையை உலகமே சிரித்துப் படித்தது. நினைத்த இடத்தில் சேமிக்க விடாத விளையாட்டு ஒன்றை இலங்கையில் விளையாடுபவருக்கு அதைவிடப் பொருத்தமான வரவேற்பு இருக்க முடியாது. கிராபிக்ஸ், கதை எல்லாவற்றுக்கும் முன்னால் இங்கே யோசிக்கவேண்டியது சேமிப்பைத்தான்.

செக் நாட்டு வார்ஹோர்ஸ் ஸ்டூடியோஸ் செய்த விளையாட்டு இது. 1403ஆம் ஆண்டுப் பொஹீமியாவில் நடக்கிறது. மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. நீங்கள் ஹென்றி என்ற கொல்லன் வீட்டுப் பையன். பசிக்கும், அழுக்குப் படியும், அடி விழுந்தால் இரத்தம் ஒழுகும். முதல் பாகம் விளையாடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேவையான பழைய கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இறக்குவது

கணினிக்குக் குறைந்தபட்சத் தேவை: ஐ5-8400 அல்லது ரைசன் 5 2600 பிராசசர், 16 ஜிபி ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட், எஸ்எஸ்டியில் 100 ஜிபி இடம். எஸ்எஸ்டி என்பதை ஆலோசனை என்று எடுக்காதீர்கள். பழைய ஹார்ட்டிஸ்க்கில் போட்டால் குதிரையில் வேகமாகப் போகும்போது படம் விக்கும், ஊருக்குள் நுழைந்து சில விநாடி கழித்துத்தான் ஆட்கள் முளைப்பார்கள். அப்டேட் வரும்போது, விளையாட்டை வாங்கி இறக்கும் செயலியான ஸ்டீம், கோப்புகளை விரித்துப் போட மேலும் இடம் கேட்கும். 130 ஜிபி வெறுமையாக இருந்தால் நிம்மதி.

100 ஜிபியை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஏறத்தாழ 22 மணிநேரம் ஆகும். பகல் டேட்டாவை இதில் கரைக்காதீர்கள். இரவு டேட்டா தனியாக உள்ள பொதி என்றால், நள்ளிரவில் தொடங்கிக் காலை எட்டு மணி வரை அதே வேகத்தில் சுமார் 36 ஜிபி இறங்கும். மூன்று இரவில் முடிந்துவிடும். ஸ்டீம் அமைப்புகளில் ‘டவுன்லோட்ஸ்’ பக்கத்தில் தானாக அப்டேட் ஆகும் நேரத்தையும் இரவுக்கே மாற்றுங்கள். இல்லையென்றால் பல ஜிபி பட்ச் ஒன்று மத்தியானத்தில் வந்து மாதப் பங்கைத் தின்றுவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் சின்ன மின்தடைக்கு இறக்கம் நிற்காது.

கூட்டாளி ஒருவர் ஏற்கெனவே இறக்கியிருந்தால் இன்னும் சுலபம். இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் போட்டு, இரண்டிலும் ஸ்டீமைத் திறந்து, உள் வலையமைப்புப் பரிமாற்றத்தை அனுமதித்தால் கோப்புகள் நேராக அங்கிருந்து வரும். விளையாட்டை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். டேட்டா மட்டும்தான் மிச்சம். ரவுட்டரோடு வயரில் இணைத்தால் வைஃபையைவிடப் பல மடங்கு வேகம்.

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் இந்த விளையாட்டின் ஆரம்பக் காட்சிகள் நீளம். கதையை இரசித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மணிநேரம் அங்கேயே போய்விடும். கணினி தாங்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் காட்சிகளைத் தாண்டி, திறந்த வெளிக்கு வந்து, காட்டுப் பாதையில் பிரேம் எண்ணிக்கையை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதைப் பாருங்கள். தொடக்கக் கோட்டைச் சண்டையை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், அது ஒடுக்கமான இடம். கதை தொடங்கும் ட்ரோஸ்கிப் பகுதியின் காட்டிலேயே 30 பிரேம் தள்ளாடினால், பின்னால் வரும் குட்டன்பெர்க் நகரம் இன்னும் மோசமாக இருக்கும். அங்கே சனக்கூட்டம் பிராசசரை நெருக்கும். கிராபிக்ஸைக் குறைத்தாலும் பெரிதாக மீளாது.

வெக்கையும் உப்புக்காற்றும்

கச்சான் வீசும் மாதங்களில், ஏசி இல்லாத அறைக்குள் வெப்பம் பகலில் 33, 34 பாகையைத் தொடும். ஐரோப்பாவில் 22 பாகை அறையில் சோதித்துச் சொன்ன வெப்ப அளவோடு பத்துப் பன்னிரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். மடிக்கணினி 95 பாகையைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அப்போது தெரியும் விக்கலை விளையாட்டின் பிழை என்று பலர் திட்டுகிறார்கள். மருந்து எளிது: பிரேமை 40 அல்லது 30இல் கட்டிவையுங்கள். கட்டாமல் விட்டால் கார்ட் எப்போதும் நூறு வீதத்தில் ஓடி அறையையும் அடுப்பாக்கும். மடிக்கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வைத்தாலே சில பாகை குறையும். மெத்தையில் வைத்து விளையாடுவது தற்கொலை.

ஜிடிஎக்ஸ் 1060க்கு: 1080பி, எஃப்எஸ்ஆர் (சிறிய படத்தைப் பெரிதாக்கிக் கார்டின் சுமையைக் குறைக்கும் வசதி) ‘குவாலிட்டி’, மற்றவை ‘லோ’, டெக்ஸ்சர் மட்டும் ‘மீடியம்’. அதே வகை வசதியான டிஎல்எஸ்எஸ் இந்தக் கார்டில் வேலை செய்யாது, அதற்கு ஆர்டிஎக்ஸ் வகைக் கார்ட் வேண்டும். பலமான கார்ட் என்றால் முதலில் ஏற்ற வேண்டியது குளோபல் இலுமினேஷன். மரத்தடி நிழலும் வீட்டுக்குள் விழும் வெளிச்சமும் அதில்தான் உயிர்பெறும். நிழலையும் செடிகொடியையும் உச்சத்துக்கு ஏற்றுவது வீண் செலவு.

உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலோரத்தில் கணினி வைத்திருந்தால், தூசியைவிட உப்புத்தான் எதிரி. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து ரேமின் தங்கநிறப் பற்களிலும் கார்ட் செருகும் இடத்திலும் படியும். பின்பு ஒருநாள் கணினி காரணமில்லாமல் மறுதொடக்கம் ஆகும், அல்லது திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வரும். வயரைக் கழற்றி, ரேமை எடுத்து, பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். வாடை மழைக்காலத்தில் கணினியை வாரக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணிநேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

சேமிப்பு

இங்கே சேமிக்கும் வழிகள் நான்கு. கதை முக்கியத் திருப்பத்தைத் தொடும்போது தானாகச் சேமிக்கும். உங்களுக்குச் சொந்தமான, அல்லது சத்திரத்தில் வாடகைக்கு எடுத்த கட்டிலில் தூங்கினால் சேமிக்கும். சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடித்தால் சேமிக்கும். கடைசியாக, மெனுவில் சேமித்து வெளியேறலாம்.

ஆபத்து எங்கே என்றால், முதல் மூன்றுக்கும் நடுவே மிக நீண்ட இடைவெளி விழும். காட்டில் மூலிகை பொறுக்கி, வழிப்பறிக்காரரை வென்று, கவசத்தைக் கழற்றி விற்று ஒரு மணிநேரம் போயிருக்கும். கதை எதுவும் நகர்ந்திருக்காது. அந்த நேரம் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

ஆகவே யூபிஎஸ். 650 விஏ என்று எழுதிய மலிவுப் பெட்டியின் உண்மைத் திறன் பெரும்பாலும் 360 வாட் அளவுதான். 1060 பூட்டிய கணினியும் திரையும் விளையாடும்போது 200 முதல் 250 வாட் இழுக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சேமித்து வெளியேற ஒரு நிமிடம் போதும். திரையையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். கணினி ஓடி, திரை இருண்டுபோய் எதையும் அழுத்த முடியாமல் உட்கார்ந்திருப்பது இங்கே சகஜமான கூத்து. புதிய பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சுற்று இருக்கும். சில மலிவு யூபிஎஸ்கள் தரும் படிக்கட்டு அலை அதற்கு ஒத்துப்போகாமல், பற்றரிக்கு மாறும் கணத்திலேயே கணினி அணையும். வாங்கிய அன்றே, வேறு எதுவும் திறக்காமல், சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பற்றரி வெக்கையில் வேகமாகச் சாகும். இரண்டு வருடத்துக்குமேல் நம்பவேண்டாம்.

கரண்ட் வெட்டுக்குப்பின் விளையாட்டு திறக்க மறுத்தால் முழுதையும் மறுபடி இறக்காதீர்கள். ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டின் மேல் வலது சொடுக்கி, பண்புகளில் கோப்புகளைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் கெட்ட துண்டை மட்டும் மாற்றும். சேமிப்புக் கோப்புகளை வாரத்துக்கு ஒருமுறை பென்ட்ரைவில் நகலெடுங்கள். கடைசிச் சேமிப்பு எழுதப்படும்போதே மின்சாரம் நின்றால் அது கெடும். அதற்கு முந்தியது தப்பும்.

ஷ்னாப்ஸை விலைக்கு வாங்கிக் கட்டாது. வைன் அடிப்படை, நெட்டில் இரண்டு பிடி, பெல்லடோனா ஒரு பிடி. நெட்டில் என்பது நம்மூர்க் காஞ்சொறிபோலத் தொட்டால் கடிக்கும் செடி. வீட்டு மதில், வேலியோரம் எங்கும் கிடக்கும். பெல்லடோனா கிடைக்காவிட்டால் மூலிகை விற்பவரிடம் வாங்கலாம். கொதிக்கும் நேரத்தை மணல் கடிகாரத்தைத் திருப்பி அளக்க வேண்டும். செய்முறை நூலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். அவசரப்பட்டுத் துருத்தியை இயக்கினால் தரம் இறங்கும். பத்துப் புட்டி கையிருப்பு இருந்தால் பயமில்லை. கணினியில் தடையின்றிச் சேமிக்க விடும் மாட்களும் (இரசிகர்கள் செய்த மாற்றக் கோப்புகள்) உண்டு. அது ஏமாற்று என்று சொல்பவருக்கு நம் மின்சாரத்தைக் காட்டுங்கள்.

முதல் இருபது மணிநேரம்

தொடக்கத்தில் எல்லாம் பறிபோய் வெறுங்கையோடு நிற்பீர்கள். ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைய வழி தேடவேண்டும். அதற்கு டாகோவ் ஊர்க் கொல்லன் ராடோவனிடம் போகலாம், அல்லது ஆலைக்காரன் க்ரைஸலிடம் போகலாம். ஆலைக்காரனின் வேலை களவு சார்ந்தது. புதியவர் கொல்லனிடமே போங்கள். கட்டிலும் பெட்டியும் கிடைக்கும், அதாவது இலவசச் சேமிப்பு. உலைக்களமும் கிடைக்கும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, திருப்பித் திருப்பிச் சீராக அடித்தால் ஹென்றி விசிலடிப்பான். தாளம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். செய்த வாளையும் கோடரியையும் விற்றே ஆரம்பக் கவசம் முழுவதையும் வாங்கலாம்.

கல்யாணத்துக்கு அவசரப்பட வேண்டாம். அதன்பின் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். அதற்கு முன் நாடோடிகள் முகாம் பக்கம் இருக்கும் டாம்கேட்டிடம் வாள் பழகுங்கள். பச்சைக் கேடயக் குறி வரும் கணத்தில், எதிராளி வெட்டும் திசைக்கு எதிர்த்திசையில் வெட்டுவதே மாஸ்டர் ஸ்ட்ரைக். இது வாளுக்கு மட்டும்தான், கோடரிக்கும் தண்டத்துக்கும் கிடையாது. பட்டனை மாறிமாறி அடித்து வெல்ல நினைப்பவர் முதல் வழிப்பறிக்காரனிடமே விழுவார், ஏனென்றால் ஒவ்வொரு வீச்சும் தெம்பைக் குடிக்கிறது. இருவருக்கு மேல் வந்தால் ஓடுங்கள், வெட்கமில்லை.

சத்திரங்களிலும் முகாம்களிலும் கொதித்துக்கொண்டிருக்கும் பானையில் இலவசமாகச் சாப்பிடலாம். பையில் இறைச்சி சுமந்தால் அழுகும். காயவைத்தாலோ புகைபோட்டாலோ நிற்கும். பேரம் பேசப் போகுமுன் தொட்டியில் முகம் கழுவுங்கள். இரத்தக்கறையோடு நின்றால் மதிப்பு இறங்கும், கதைக்கும் வாய்ப்புகளும் சுருங்கும். களவெடுத்த பொருளை அதே ஊரில் விற்கவோ பையில் வைத்துச் சுற்றவோ வேண்டாம். யாரும் பார்க்காமல் எடுத்தாலும், அந்த வீட்டுப் பக்கம் உங்களைக் கண்டவர் பிறகு காவலரிடம் சொல்வார். பிடிபட்டால் அபராதம், தொழுமரம், சூடு என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும்.

விளையாட்டுக்குள் இரவில் வெளியே போகும்போது வெளிச்சத்தை மறக்கவேண்டாம்: ஊருக்குள் இருட்டியபின் தீப்பந்தம் ஏந்தாமல் நடந்தாலே காவலர் மறிப்பார்.