‘ஸ்கூல்ல பாத்துக்குவாங்க’: கற்றல் சாதனம் வீட்டுக்கு வந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் பிள்ளை உயர்நிலை ஒன்றுக்குப் போனதும் வீட்டுக்கு ஒரு ஐபேடோ குரோம்புக்கோ விண்டோஸ் மடிக்கணினியோ வந்துவிடும். எது என்பதைப் பள்ளி முடிவு செய்யும். பணத்தை எடுசேவ் என்ற, அரசு மாணவர் பெயரில் பணம் போடும் கல்விக் கணக்கிலிருந்து கட்டலாம். 2028-க்குள் எல்லா உயர்நிலை மாணவருக்கும் சாதனம் என்று 2020-ல் அறிவித்தார்கள். அந்த ஆண்டே கோவிட் வந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க நேர்ந்ததால், திட்டத்தை 2021-க்கே இழுத்துவிட்டார்கள்.

சாதனத்தில் ஒரு நிர்வாகச் செயலி ஏற்றியே கொடுப்பார்கள். ஆபாசம், சூதாட்டம் போன்ற தளங்களைத் தடுக்கும் வேலை அதனுடையது. ‘பள்ளியே பூட்டுப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது, நமக்கென்ன’ என்று நாம் இருந்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். ஏனென்றால் பள்ளி நேரத்தில்தான் சாவி பள்ளியிடம் இருக்கிறது. மணி அடித்த பிறகு என்ன ஆகவேண்டும் என்பதைப் பெற்றோர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. எதையும் தொடாமல் விட்டால் பள்ளியின் கட்டுப்பாடுகளே வீட்டிலும் தொடரும். ‘ஏ’ என்றால் பள்ளி நேரத்துக்குப் பிறகான கட்டுப்பாடுகளை நாமே கூட்டலாம், குறைக்கலாம். ‘பி’ என்றால் பள்ளி நேரம் முடிந்ததும் செயலி வேலை செய்யாது. அவ்வளவுதான், வடிகட்டி இல்லாத வெறும் சாதனம்.

படிவம் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். “அம்மா, பி-ன்னு போட்டுடுங்க, எல்லாரும் அதான் போடுறாங்க” என்றான் மகன். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். கிட்டத்தட்ட அழுத்தியே விட்டேன். பிள்ளை சொல்லித் தேர்ந்தெடுப்பது, படிக்காமல் தேர்ந்தெடுப்பது இரண்டும் ஒன்றாகவே நடக்கும் என்று அன்று தெரிந்தது. ‘பி’ கூடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. உயர்நிலை நான்கில் பொறுப்பாக இருக்கிற பிள்ளைக்கு அது சரியாகவே இருக்கலாம். பதின்மூன்று வயதில், அப்பாவும் அம்மாவும் இரவு ஏழுக்குத்தான் வீடு திரும்புவார்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

‘ஏ’ எடுத்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. முதல் வாரம் ஆர்வமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுவார்கள், அப்புறம் கடவுச்சொல்லே மறந்துபோகும். அந்த அளவுக்கு நேரமில்லை என்றால் பள்ளியின் அமைப்பையே விட்டுவைப்பது மேல். 2026 ஜனவரியிலிருந்து அதில் சாதனம் ‘தூங்கும்’ நேரத்தையும், அதாவது அதற்குமேல் பயன்படுத்த முடியாத நேரத்தையும், இரவு 11-லிருந்து 10:30 ஆக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது, வைஃபையை மட்டும் நம்புவது. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இணைய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். ரவுட்டரில் அந்த டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றிவிட்டால் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஆபாசத் தளங்களையும் தீம்பொருள் தளங்களையும் இலவசமாகத் தடுத்துவிடும். நல்ல ஏற்பாடு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் காவல் நம் வீட்டு வைஃபைக்கு மட்டும்தான். பையன் தன் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை அதோடு இணைத்தால் ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. பிரவுசரே டிஎன்எஸ் கேள்விகளை மறைகுறியாக்கி வேறு இடத்துக்கு அனுப்பும் வசதியும் இப்போது சாதாரணம். சாதனத்துக்குள் இருக்கும் வடிகட்டி அது போகிற இடமெல்லாம் கூடவே போகும். ரவுட்டரில் இருப்பது வாசலைத் தாண்டாது. இரண்டும் வேண்டும். அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பள்ளியின் செயலியும் இல்லை, நம் பார்வையும் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அடைப்பவர்களும் உண்டு. சொற்களை மட்டும் பார்த்துத் தடுக்கும் வடிகட்டிக்கு மார்பகப் புற்றுநோயும் ஒன்றுதான், மற்றதும் ஒன்றுதான். 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப்பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது! அதே மாதிரி வடிகட்டி, தங்கிலீஷில் எழுதிய நம்மூர் வசவுகளைப் புரியாமல் விட்டுவிடும். உயிரியல் பாடத்துக்கு இனப்பெருக்கம் பற்றித் தேடுகிற பிள்ளைக்கு நாலு முறை தடைப் பக்கம் வந்தால், ஐந்தாம் முறை நண்பனின் கைப்பேசியைத்தான் வாங்குவான்.

பூட்டுப் போட்ட செயலியே உடைந்தால்? உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மொபைல் கார்டியன் என்ற நிர்வாகச் செயலிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இங்கே 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லா ஐபேடுகளிலிருந்தும் குரோம்புக்குகளிலிருந்தும் எடுத்துவிட்டது. தளத்தைத் தடுக்கும் அதிகாரம் உள்ள செயலிக்குச் சாதனத்தில் உள்ளதையே அழிக்கும் அதிகாரமும் இருக்கலாம் என்பதை அதுவரை எத்தனை பேர் யோசித்திருப்போம்? ஆகவே குறிப்புகளைச் சாதனத்தில் மட்டும் வைக்க விடாதீர்கள், மேகக்கணியில் ஒரு நகல் இருக்கட்டும். பள்ளியின் செயலி போதாது என்று நாமாக இன்னொரு கட்டுப்பாட்டுச் செயலியை மேலே ஏற்றுவதும் வேண்டாம். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வகுப்பு நடுவே சாதனம் உறைந்து நிற்கலாம்.

பிள்ளைக்குத் தெரியாமல் உலாவல் பதிவைத் துருவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை பதினைந்து நிமிடம் சேர்ந்தே பார்க்கிறோம். போன மாதம் அப்படி உட்கார்ந்தபோது மகனே ஒரு தடைப் பக்கத்தைக் காட்டினான். ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய வரலாற்றுப் பக்கம், ஆயுதங்கள் என்ற வகையில் மாட்டியிருந்தது. முகவரியை ஆசிரியருக்கு அனுப்பச் சொன்னேன். புதன்கிழமை திறந்துவிட்டார்கள்.