ரிட்டயர்மென்டுக்கு முன் உடல் பரிசோதனை: கணக்கைக் கவிழ்க்கும் தவறுகள்

ஐம்பதைத் தாண்டியவர்கள் ஓய்வுக்காலக் கணக்குப் போடும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி, வாடகை வருமானம், பிள்ளைகளின் கல்யாணச் செலவு எல்லாம் நோட்டில் ஏறிவிடும். மருத்துவத்துக்கும் ஒரு வரி இருக்கும், ஆனால் அதில் இருப்பது குத்துமதிப்பான ஒரு தொகை. அந்தத் தொகையை நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவருவது பரிசோதனை ரிப்போர்ட்தான். அதை எந்த வயதில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 50 வயதில் தெரியவரும் சர்க்கரைக்கும் 59 வயதில் தெரியவரும் சர்க்கரைக்கும் பணக்கணக்கில் பெரிய வித்தியாசம் உண்டு.

"டெஸ்ட் எடுத்தா பாலிசி கிடைக்காது"

இதைச் சொல்லாத குடும்பம் குறைவு. "முதல்ல மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் போட்டுடுவோம், அப்புறம் டெஸ்ட் எடுத்துக்கலாம்" என்பது கேட்க சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு.

2024-ல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ விதிகளை மாற்றியது. பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலம், முன்பு நான்கு ஆண்டு வரை போகலாம் என்றிருந்தது. இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். 50 வயதில் சர்க்கரை என்று தெரிந்து, அதை விண்ணப்பத்தில் எழுதி பாலிசி எடுத்தவருக்கு 53 வயதில் அந்தக் காத்திருப்பு முடிந்துவிடும். பிரீமியம் கொஞ்சம் கூடுதலாக வரலாம். ஆனால் 60 வயதில் வேலையை விட்டு வரும்போது அவர் கையில் இருப்பது முழுசாக வேலை செய்யும் பாலிசி. அதே ஆள் 59 வரை தள்ளிப்போட்டால் காத்திருப்பு 62 வரை இழுக்கும். சம்பளம் நின்றுபோன முதல் இரண்டு ஆண்டுகளில் சர்க்கரை சம்பந்தமாக ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கிராஜுவிட்டியிலிருந்துதான் போகும்.

நோயை மறைத்து பாலிசி எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். நெஞ்சுவலி என்று கேஷுவாலிட்டிக்குப் போகிறோம். டியூட்டி டாக்டர் கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா, "பத்து வருஷமா சுகர் இருக்கு சார், மாத்திரை போடறாரு" என்கிறார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். பாலிசி எடுத்து மூன்று வருஷம்தான் ஆகியிருக்கிறது என்றால் கிளெய்ம் நிராகரிக்கப்பட அந்த ஒரு வரி போதும். பாலிசியே ரத்தாகவும் கூடும். ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால் பழைய விவரத்தைத் தோண்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருப்பது உண்மை. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அறுபது வயதில் இந்தச் சூதாட்டம் வேண்டியதில்லை.

டெஸ்ட் எடுக்காவிட்டால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகச் சொன்னது. முந்தைய நிலை என்பது எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரை டெஸ்டில் அளவு 5.7 சதவீதத்துக்கும் 6.4 சதவீதத்துக்கும் இடையில் இருப்பது. அந்த இடத்தில் பிடித்தால் நடை, சாப்பாடு, எடைக்குறைப்பு என்று பெரிய செலவில்லாமல் பல ஆண்டுகள் தள்ளிப்போட வாய்ப்புண்டு.

ஆபீஸ் கார்டு இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

வேலையில் இருக்கும்வரை கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் தனி பாலிசி எடுக்காமல் விடுவது அடுத்த தவறு. வேலை முடிந்தால் பெரும்பாலும் அதுவும் முடிந்துவிடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விதியில் இடமிருக்கிறது. ஆனால் அதைக் கடைசி வேலைநாளன்று போய்க் கேட்டால் நேரம் இருக்காது. சில மாதங்களுக்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை போன்றவற்றுக்குத் தனிநபர் பாலிசிகளில் சாதாரணமாக இரண்டு ஆண்டுக் காத்திருப்பு இருக்கும். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் அது கிடையாது. 57, 58 வயதில் ஒரு ஸ்கேனும் கண் பரிசோதனையும் செய்து, டாக்டர் ஆபரேஷன் தேவை என்று சொன்னால், மெடிக்கல் லீவும் ஆபீஸ் கார்டும் இருக்கும்போதே முடித்துவிடலாம். "ரிட்டயர் ஆனப்புறம் நிதானமா பாத்துக்கலாம்" என்று தள்ளினால் அதே ஆபரேஷனுக்குக் கைக்காசு போகும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ. வேலையில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். தெரியாமலே விட்டவர்கள் நிறைய. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தை நம்பி இருப்பவர்கள் வருமான வரம்பைப் பார்க்க வேண்டும்: ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் பென்ஷன் வந்தாலே அதைத் தாண்டிவிடும்.

எண்பது டெஸ்ட் பேக்கேஜ்

பேக்கேஜில் எத்தனை டெஸ்ட் என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நம் பழக்கம். எண்ணிக்கை பெரிதாக இருக்கும், வேண்டியது விட்டுப்போயிருக்கும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். சிறுநீரகப் பாதிப்பு பல சமயம் அங்கேதான் முதலில் தெரியும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவது பிற்பாடு. ஓய்வுக்கால சேமிப்பை அரித்துவிடும் செலவுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்யும் டயாலிசிஸுக்கு முதல் வரிசையில் இடம். அதைத் தள்ளிப்போட உதவும் டெஸ்ட் சில நூறு ரூபாய்தான். விழித்திரைப் பரிசோதனையும் அப்படியே. மறுபக்கம், எந்த அறிகுறியும் இல்லாதவருக்குக் கேன்சர் மார்க்கர் என்று நாலைந்து ரத்த டெஸ்டைச் சேர்த்துவிடுவார்கள். அவை தப்பாக ஏறிக்காட்டி, ஸ்கேன், பயாப்சி என்று அலையவிட்ட கதைகள் உண்டு. பேக்கேஜை வாங்குமுன் பட்டியலைக் குடும்ப டாக்டரிடம் காட்டுவது நல்லது.

டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பு ஸ்வீட்டை நிறுத்துகிறவர்களும் உண்டு. பரீட்சைக்குப் படிப்பதுபோல. எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும் என்பதால் அந்தத் தியாகம் பெரும்பாலும் வீண்.

காசில்லை என்பதும் காரணமாகாது. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு யார் டெஸ்ட் எடுப்பது?

ஆபீஸ் செலவில் வருடாவருடம் அப்பாவுக்குப் பரிசோதனை நடக்கும். அம்மா கடைசியாக டாக்டரைப் பார்த்தது பிரசவத்துக்காக இருக்கும். நிதித் திட்டத்திலும் இது பெரிய ஓட்டை. நம் குடும்பங்களில் மனைவி சில வயது இளையவர், பெண்களின் சராசரி ஆயுளும் அதிகம். ஆக அந்தப் பணத்தை நம்பி அதிக காலம் இருக்கப்போவது அவர்தான். மார்பகம், கருப்பைவாய், தைராய்டு, எலும்பு அடர்த்தி எதுவும் பார்க்காமல் இருவருக்கும் சேர்த்து ஒரு மருத்துவத் தொகையை ஒதுக்கினால் அதில் பாதி ஊகம்.

மாத்திரைக் கணக்கு

ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும் தயாராகிவிட்டு மெடிக்கல் ஷாப் பில்லை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான பாலிசிகள் தினசரி மாத்திரைக்குப் பணம் தராது. ஒரு தம்பதிக்கு 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் மாத்திரைச் செலவு, அது ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டில் மொத்தம் ஏறக்குறைய 16 லட்சத்து 47 ஆயிரம். ரிப்போர்ட் கையில் இருந்தால் இந்த 3,000-க்குப் பதில் உங்கள் வீட்டு நிஜ எண்ணைப் போடலாம்.

ரிட்டயர்மென்ட் பணத்தில் மாடி கட்டி, கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு, தாங்கள் மேலே குடியேறத் திட்டமிடுபவர்கள் அதற்குமுன் முழங்காலையும் இதயத்தையும் காட்டிவிட்டு வருவது உத்தமம். வாடகை வரும்தான், படியேற முடியாவிட்டால் பணத்தைக் கட்டடத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ரிப்போர்ட்டில் ஏதாவது வில்லங்கம் தெரிந்தால் ஒரு பகுதியை உடனே எடுக்கக்கூடிய டெபாசிட்டாக வைப்பதே சரி.

வரிக்கழிவும் கொஞ்சம் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்கள் மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கான கழிவின் மொத்த வரம்புக்குள் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், ரசீது வேண்டும். புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது. அதற்காக ரசீதையும் ரிப்போர்ட்டையும் பழைய பேப்பரோடு போட்டுவிட வேண்டாம். ஐந்து வருட ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்து, பாலிசி நகலையும் அதிலேயே செருகி, அந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.